ஊராத்துறையில் ஒரு பகல்



இலங்கையிலே வரலாற்றுச் சிறப்புடைய ஊர்கள் எவை என்று ஒருவரைக் கேட்டால், அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா, காலி என்று வரிசையாகக் கூறுவார். ஊர்காவற்றுறையை அவ்வரிசையிற் சேர்ப்பவர் மிகச் சிலரே. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, வேலணைத் தீவின் வடமேற்கு முனையிலே, கடல் ஓரமாகச் சாய்ந்து கிடக்கும் சிறிய ஊர் அது. ஒரு கடைத்தெரு, சில தேவாலயங்கள், சில பாடசாலைகள், ஒரு துறைமுகம். மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு அங்கே வேறொன்றும் தோன்றாது. எனினும் உயர்தர வகுப்பில் வரலாறு பயிலும் என் மாணவர் இருபத்தெண்மரை, ஒரு பகற் பொழுதைச் செலவிட்டு, நான் அவ்வூருக்கே அழைத்துச் சென்றேன். அதன் காரணத்தையும், அன்று நாங்கள் கண்டதையும், ஒரு மாணவி எழுப்பிய வினாவையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாண நகரிலிருந்து எங்கள் பேருந்து புறப்பட்டது. கோட்டையைக் கடந்து பண்ணைப் பாலத்தின் மேல் ஏறியதும் இரு புறமும் பரவைக் கடல். இடுப்பளவுத் தண்ணீரிலே கம்புகளை நட்டு வலை கட்டிய களங்கட்டிகள். அவற்றின் மேல் வரிசையாக அமர்ந்திருக்கும் கடற்பறவைகள். மண்டைதீவைத் தாண்டி அல்லைப்பிட்டியை அடைந்ததும் வண்டியைச் சற்றே நிறுத்தச் சொன்னேன்.

மாணவர் இறங்கிப் பார்த்தனர். மணலும் பனையும் வடலியும் தவிர வேறொன்றுமில்லை. "இங்கே என்ன இருக்கின்றது, ஐயா?" என்று ஒருவன் கேட்டான். மண்ணின் மேலே ஒன்றுமில்லை, மண்ணின் கீழே இருந்தது என்றேன். 1970ஆம் ஆண்டுகளில் இவ்வல்லைப்பிட்டியில் சீன நாட்டு மட்பாண்டங்கள் ஒருங்கே கிடைத்தன. ஜோன் காஸ்வெல் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, வட சொங் அரச வமிசத்துக் காலத்தவை, ஏறத்தாழ கி.பி. 1100ஆம் ஆண்டை ஒட்டியவை என்று கண்டார். பின்னர் 2018ஆம் ஆண்டிலே சீனாவின் ஷாங்காய் அருங்காட்சியகத்து ஆய்வாளரும் இங்கு வந்து அகழ்ந்தனர். இன்று மீனவர் வலை உணர்த்தும் இக்கரையிலே, ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னர் சீனப் பாண்டங்களை ஏற்றிய கலங்கள் வந்து தங்கின என்பதற்கு அவை சான்றாகும். ஆகவே நாம் செல்லும் ஊர், உலகத்தின் ஒரு மூலையிற் கிடந்த ஊர் அன்று; உலகக் கடல்வழியின் மேல் இருந்த ஊர்.

அங்கிருந்து வேலணையைக் கடந்து ஊர்காவற்றுறையை அடைந்தோம். துறைமுக மதிலின் மேல் மாணவரை இருத்தி, ஊரின் பெயரையே முதற் பாடமாக வைத்துக்கொண்டேன். இவ்வூருக்குப் பெயர்கள் பல. நாம் இன்று எழுதுவது ஊர்காவற்றுறை. பழைய சாசனங்களில் வருவது ஊராத்துறை. சிங்கள மொழியிலே ஊராத்தோட்ட என்பர். ஆங்கிலத்தில் கயிட்ஸ் என்று எழுதுகின்றார்களே, அது போர்த்துக்கேய மொழியிலே துறைமேடையைக் குறிக்கும் 'காயிஸ்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் இத்தீவு முழுவதற்கும் தம் நாட்டு நகரொன்றின் பெயரை வைத்து லெய்டன் என்றனர். காரைநகரை அம்ஸ்ரடாம் என்றும், புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும் அழைத்தனர். அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் என்னும் பெயர் ஒன்றே இன்றுவரை வழங்குகின்றது. ஏனையவை அவர்களோடு கப்பலேறிப் போய்விட்டன.

எதிரே, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட நீரிணையின் நடுவே, நீரிலிருந்து எழுந்து நிற்பது போல எண்கோண வடிவான கடற்கோட்டை தெரிகின்றது. போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பின்னர், இத்துறையின் வாயிலைக் காப்பதற்காகக் கட்டிய கோட்டை அது. இக்கரையிலும் அவர்கள் கட்டிய கோட்டையொன்றின் இடிந்த சுவர்கள் உண்டு. 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்தபோது முதலில் முற்றுகையிட்டவற்றுள் ஒன்று இக்கடற்கோட்டை. உள்ளே இருந்த போர்த்துக்கேயர் குடிநீர் இன்மையாற் சரணடைந்தனர். சுற்றிலும் கடல், குடிக்கத் துளி நீர் இல்லை. ஒல்லாந்தர் அக்கோட்டைக்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். இலங்கையின் வடிவம் பன்றித் தொடையிறைச்சியை ஒத்திருப்பதாகவும், இக்கோட்டை அதன் குதிப்பகுதியில் இருப்பதாகவும் அவர்கள் கருதினராம். சிங்கள மொழியில் ஊரா என்பதும் பன்றியையே குறிக்கும் என்று நான் கூறியதும் மாணவரிடையே சிரிப்பு எழுந்தது.

இத்துறையிலே யானைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலே வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள், ஆனையிறவின் வழியாக யாழ்ப்பாணத்துக்கு நடத்திக் கொண்டுவரப்பட்டு, இத்துறையிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டன. அதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்னரோ, இதே துறைக்கு யானைகள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கின. யானை ஏறிய துறையும் இதுவே. யானை இறங்கிய துறையும் இதுவே. அவ்வாறு இறங்கியமைக்குச் சான்று எங்கே என்று மாணவர் கேட்டனர். சான்று இவ்வூரில் இல்லை. கடலுக்கு அப்பால், நயினாதீவில் இருக்கின்றது என்றேன்.

மதிய உணவுப் பொதிகளைத் துறையடி மரநிழலில் அவிழ்த்து உண்டபின், வந்த வழியே வேலணைக்குத் திரும்பி, கடலின் நடுவே போடப்பட்ட நீண்ட பாலத்தினாற் புங்குடுதீவுக்குச் சென்று, குறிகட்டுவான் துறையிலே படகேறினோம். அரைமணி நேரத்துக்குள் நயினாதீவு. அத்தீவிலே நாகபூசணி அம்மன் ஆலயமும் நாகவிகாரையும் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. எங்கள் படகிலே மலர்த்தட்டு ஏந்திய தென்னிலங்கை யாத்திரிகரும், அர்ச்சனைத் தட்டு ஏந்திய நம்மவரும் தோளோடு தோள் நெருங்கி அமர்ந்திருந்தனர். மணி பதித்த ஆசனம் ஒன்றுக்காக நாக அரசர் இருவர், மாமனும் மருமகனும், போரிட முனைந்தபோது புத்தபிரான் இங்கு எழுந்தருளிப் பிணக்கைத் தீர்த்தார் என்பது மகாவம்சம் கூறும் கதை. ஒரு பொருள் யாருக்கு உரியது என்னும் வழக்கு இத்தீவுக்குப் புதியதன்று.

ஆலயத்தை வழிபட்டபின், நாங்கள் தேடி வந்த கல்வெட்டின் முன் நின்றோம். பொலன்னறுவையிலிருந்து 1153ஆம் ஆண்டு முதல் 1186ஆம் ஆண்டு வரை இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. அதனைப் பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து 1963ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். சிங்கள மன்னன் ஒருவனின் ஆணை. ஆனால் பொறிக்கப்பட்ட மொழி தமிழ்.

அவ்வாணையின் பொருளை எளிய தமிழில் மாணவருக்கு எடுத்துக் கூறினேன். பிறநாட்டார் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும். பல துறைகளிலிருந்தும் வணிகர் நம் துறையிலே வந்து கூடவேண்டும் என்பது முதலாவது. யானைகளிலும் குதிரைகளிலும் அரசன் விருப்பம் உடையவன் ஆதலால், அவற்றை ஏற்றிவரும் கலம் உடைந்தால், மீட்கப்பட்ட பொருளில் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு; மூன்று பங்கு உடையவனுக்கு என்பது இரண்டாவது. வணிகப் பொருள்களை ஏற்றிவரும் கலம் உடைந்தால், சரிபாதி பண்டாரத்துக்கு. சரிபாதி உடையவனுக்கு என்பது மூன்றாவது. சூரிய சந்திரர் உள்ளவரை இவ்விதி நிலைபெறுக என்று கல்லிலும் செப்பிலும் எழுதுவித்தான் அம்மன்னன். செப்பேடு நம் கைக்கு வரவில்லை, கல் நின்றுவிட்டது.

இதனைக் கேட்ட மாணவி ஒருத்தி சற்று நேரம் சிந்தித்துவிட்டுக் கேட்டாள்: "ஐயா, கலத்தை உடைத்தது காற்றும் கடலும். அதற்கு அரசன் ஏன் பாதியை எடுக்கவேண்டும்? இதை நீதி என்று எப்படிச் சொல்வது?"

நேயர்களே, நான் ஆசிரியப் பணியிலே முப்பது ஆண்டுகளைக் கடந்தவன். மாணவர் கேட்கும் வினாக்களிற் பெரும்பாலானவற்றுக்கு விடை புத்தகத்தில் இருக்கும். இவ்வினாவுக்கு விடை சொல்ல நான் அக்கால உலகத்தை முழுவதுமாக அவள் கண்முன் நிறுத்தவேண்டியதாயிற்று.

அக்காலத்திலே பல நாடுகளில் நிலவிய வழக்கம் என்ன? உடைந்த கலத்திலிருந்து கரையொதுங்கிய பொருள் கரைக்கு உரியவனைச் சேரும். கரைக்கு உரியவன் அரசன். கலத்தையும் இழந்து, கூட வந்தவரையும் இழந்து, நனைந்த ஆடையோடு முன்பின் அறியாத மணலிலே விழுந்து கிடப்பவன், தன் கண்முன்னே தன் பொருளைப் பிறர் சுமந்து செல்வதைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். ஆந்திர நாட்டிலே மோட்டுப்பள்ளி என்னும் துறையில், காகதிய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டையொட்டிப் பொறித்த அபய சாசனம் இதனை வெளிப்படையாகவே கூறுகின்றது. புயலால் ஒதுங்கிய கலங்களின் பொருள் முழுவதையும் முன்னைய மன்னர்கள் கவர்ந்தார்கள் என்றும், தான் சுங்கம் ஒன்றையே கொள்வதாகவும் அம்மன்னன் அதிலே அறிவிக்கின்றான். இங்கிலாந்தில் 1275ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட வெஸ்ற்மின்ஸ்ரர்ச் சட்டம், மனிதனோ நாயோ பூனையோ உயிருடன் தப்பியிருந்தால் அக்கலத்தை உடைகலமாகக் கொள்ளலாகாது என்று விதித்தது. அஃதாவது, உடையவன் உரிமை கோருவதற்கு ஓர் உயிர் சான்றாக எஞ்சவேண்டியிருந்தது. ஊராத்துறை ஆணை இவ்விரண்டுக்கும் முற்பட்டது.

ஆகவே மன்னன் பாதியை எடுத்தான் என்பதைவிட, பாதியோடு நிறுத்திக்கொண்டான் என்பதே அக்காலத்தாருக்கு வியப்பாக இருந்திருக்கும் என்றேன். அவள் அமைதியடையவில்லை. "அப்படியென்றால் மன்னன் இரக்கமுள்ளவன் என்று எழுதலாமா, ஐயா?" என்றாள்.

அவ்வாறு எழுதவேண்டாம் என்று கூறினேன். யானைக்கும் குதிரைக்கும் கால் பங்கு, ஏனைய பொருளுக்கு அரைப் பங்கு என்னும் வேறுபாட்டைப் பார். இரக்கம் யானையையும் மிளகையும் வேறுபடுத்திப் பாராது. அவனுக்குப் படைக்கு யானையும் குதிரையும் வேண்டியிருந்தன. யானை வாணிகத்தின் பொருட்டு அவன் பர்மிய அரசனோடு பகைத்துப் போர்க்கப்பல்களை அனுப்பினான் என்று சூளவம்சம் கூறுகின்றது. இதே ஊராத்துறையில் அவன் படைகளைத் திரட்டிக் கப்பல்களைக் கட்டுவித்தான் என்று, அவனுடைய எதிரிகளாகிய சோழரின் திருவாலங்காட்டுச் சாசனம் கூறுகின்றது. ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களைத் தாக்கி யானைகளைப் பிடித்தமையும் அச்சாசனத்திலே பேசப்படுகின்றது. ஆகவே இவ்வாணை எழுந்தது தவத்தோர் உள்ளத்திலிருந்து அன்று. கணக்கறிந்த அரசன் ஒருவனுடைய சபையிலிருந்து.

அப்படியாயின் இக்கல்லின் பெருமை எதிலே இருக்கின்றது? என் கருத்திலே அது இரண்டு செய்திகளில் இருக்கின்றது.

ஒன்று, அளவு. இரக்கம் நாளுக்கு நாள் மாறும். அதிகாரியின் முகத்துக்கு முகம் மாறும். இன்று முழுவதையும் திருப்பிக் கொடுக்கும்; நாளை ஒன்றையும் கொடாது. மூன்று பங்கு, சரிபாதி என்று அளவிட்டுச் சொல்லிவிட்டால், நனைந்த ஆடையோடு வந்தவன் அதிகாரியின் காலில் விழவேண்டியதில்லை. இது எனக்கு உரியது என்று நிமிர்ந்து கேட்கலாம். கல்லிலே வெட்டப்பட்ட அளவு வணிகனை மட்டுமன்று, அதை வெட்டுவித்த அரசனையும் கட்டும்.

மற்றொன்று, மொழி. மன்னனின் அரண்மனை மொழி வேறு. ஆயினும் சட்டத்தாற் பயன்பெறவேண்டியவர்கள் வாசிக்கும் மொழியிலே சட்டம் எழுதப்பட்டது. அக்காலத்திலே இந்துமாகடலின் இப்பகுதியில் வணிகர் பலருக்குத் தமிழ் பொதுமொழியாக இருந்தது. பொலன்னறுவையிலே புனித தந்ததாதுவைக் காப்பதாக வேளைக்காரப் படையினர் பொறித்த கல்வெட்டும் தமிழ்க் கல்வெட்டே. தான் அறிந்த மொழியில் ஆணை பிறப்பிப்பது அரசனுக்கு எளிது. கேட்பவன் அறிந்த மொழியிலே அதனைச் சொல்வதுதான் ஆட்சி.

மாணவி தன் குறிப்பேட்டில் இரண்டையும் எழுதிக்கொண்டாள். பின்பு, "பாதி போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகின்றது" என்று மெல்லச் சொன்னாள். அதையும் எழுதிக்கொள் என்றேன்.

அவள் ஏன் அவ்வாறு சொன்னாள் என்பதை நான் அறிவேன். காலையிலே வேலணையைக் கடந்தபோது கூரையில்லாத வீடொன்றைச் சுட்டி, அது தன் அம்மம்மாவின் வீடு என்று தோழியிடம் கூறியதை நான் கேட்டிருந்தேன். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே போரின் காரணமாகத் தீவகத்து மக்கள் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். என் தாயார் பிறந்த இல்லமும் இத்தீவிலேதான் இருந்தது. அன்று எனக்கு வயது இருபது. புறப்படும்போது என் தாயார் நகைப்பெட்டியைத் தேடவில்லை. காணி உறுதியைத் தேடி எடுத்துத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதன்பின் நாங்கள் இருந்த இடங்கள் ஆறு. ஒவ்வோரிடத்திலும் அப்பெட்டி அவருடைய தலைமாட்டிலே இருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தபோது வீடு இல்லை. கிணறும் இரண்டு பூவரச மரங்களும் நின்றன. என் தாயார் உறுதியை விரித்து, எல்லைகளை ஒவ்வொன்றாக வாசித்து, அந்நிலத்தைச் சுற்றி நடந்தார். கலம் உடைந்தவனுக்குத் தன் பங்கு எழுதப்பட்டிருப்பதன் பொருளை நான் நூல்களிற் கற்கவில்லை, அன்று கற்றேன்.

மாலைப் படகிலே திரும்பி, யாழ்ப்பாணம் போகும் வழியில் மீண்டும் ஊர்காவற்றுறைப் பக்கமாகச் சென்று, கரம்பொன்னில் வண்டியை நிறுத்தினேன். மாணவருக்குக் காட்டவேண்டிய ஒன்று எஞ்சியிருந்தது. அது கட்டடம் அன்று, ஒரு பெயர். தனிநாயகம் அடிகள் 1913ஆம் ஆண்டிலே பிறந்த ஊர் அது. ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலே தம் தொடக்கக் கல்வியைப் பெற்ற அவர், பிற்காலத்தில் ஐரோப்பிய நூல்நிலையங்களுக்குச் சென்று, நாம் இழந்துவிட்ட தமிழ் நூல்களைத் தேடினார். 1554ஆம் ஆண்டிலே லிஸ்பன் நகரில் அச்சான தமிழ் - போர்த்துக்கேய நூலைப் பற்றி உலகறிய எழுதினார். அந்தாம் தெ புரோயென்சா பாதிரியார் தொகுத்து 1679ஆம் ஆண்டில் அச்சேறிய தமிழ் - போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூல்நிலையத்திலே கண்டெடுத்து, 1966ஆம் ஆண்டிலே கோலாலம்பூரில் மீளப் பதிப்பித்தார். போர்த்துக்கேயர் வந்திறங்கிய துறையிலே பிறந்த ஒருவர், அவர்களோடு கடல்கடந்து போன நம் பொருளைத் தேடிச் சென்று, உடையவர்களிடமே கொண்டுவந்து சேர்த்தார். அதில் அவர் தமக்கெனப் பங்கெதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

பண்ணைப் பாலத்தை நாங்கள் அடைந்தபோது இருள் சூழ்ந்துவிட்டது. களங்கட்டிகளின் இடையே விளக்கேந்திய தோணிகள் இரண்டு சென்றுகொண்டிருந்தன. வண்டியில் மாணவர் உறங்கிவிட்டனர்.

மறுவாரம் அவர்கள் எழுதித் தந்த கட்டுரைகளைத் திருத்தினேன். பலர் கோட்டையைப் பற்றியும் யானைகளைப் பற்றியும் நன்றாகவே எழுதியிருந்தனர். அம்மாணவியின் கட்டுரையோ ஒரு பக்கத்துக்கு மேற்படவில்லை. ஆணையின் பொருளைப் பிழையின்றி எழுதியபின், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அரசன் சரிபாதியைத் திருப்பிக் கொடுக்க இணங்கினான் எனின், நாம் அதிலும் குறைவாகக் கொடுப்பது தகாது என்று அதனை முடித்திருந்தாள். அவ்விடத்திலே நான் சிவப்பு மையினால் ஒன்றும் எழுதவில்லை.

நேயர்களே, உங்கள் ஊரிலும் கோயில் வாயிலிலோ குளக்கட்டிலோ எழுத்துள்ள கல் ஒன்று கிடக்கக்கூடும். துணி துவைக்கும் கல்லாகவும், படிக்கல்லாகவும் கிடந்து அழிந்த சாசனங்கள் நம் நாட்டிற் பல. அத்தகைய கல்லைக் கண்டால் அதன் மேற் சுண்ணாம்பு பூசாதீர்கள். தொல்பொருட் டிணைக்களத்தாருக்கு அறிவியுங்கள். விடுமுறை நாளொன்று வாய்த்தால், உங்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஊர்காவற்றுறைக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.